பின்பாரம்

காலையில் எழுந்ததும் மணி பார்க்கச் சுவரைப் பார்த்தாள். கடிகாரம் இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. கேட்டதற்கு, ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறேன் என்றார் கணவர். முந்தின நாள்வரை ஒழுங்காக ஓடிய கடிகாரம். ஆனால் அதைத் துருவிக் கேட்க அவளுக்கு அப்போது நேரமில்லை. படகைக் கட்டி இழுத்துக்கொண்டு மலை ஏற வேண்டிய நாள் அது. வெயில் ஏறுவதற்குள் கிளம்பியாக வேண்டும் என்று அவர் விடியும்போதே ஜீப்பைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். பிள்ளைகள் வேன் அக்கா என்பார்கள். அதைக் கேட்டுக் கேட்டு அவர்களுடைய அம்மாக்களும் அப்படியே கூப்பிட, கடைசியில் தெருவுக்கே அவள் வேன் அக்கா ஆகிவிட்டாள். காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை. நடுவில் பின்னறையில் உட்கார்ந்து அதே பிள்ளைகளுக்கு யூனிபார்ம் தைப்பாள். எந்தப் பையன் எந்த மாதம் எவ்வளவு வளர்ந்தான் என்று அவனைப் பெற்றவளைவிட இவளுக்கு நன்றாகத் தெரியும்.

அவர் வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் சாமான் கட்டுகிறவராக இருந்தார். கயிறு என்றுதான் அங்கே அவருக்குப் பெயர். எங்கே போனாலும் தோளில் ஒரு சுருள் கயிறு தொங்கும். அவர் போட்ட முடிச்சை அவரால்தான் அவிழ்க்க முடியும். மற்றவர்கள் முயன்றால் நகம் போகும், பல் போகும், முடிச்சு மட்டும் போகாது. அப்படிப்பட்ட மனுஷருக்கு ஒரு நாள் பீரோ தூக்கும்போது முதுகில் ஏதோ சொடுக்கியது. இனிமேல் கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் உட்காருங்கள் என்று கம்பெனியும் சொல்லிவிட்டது.

உட்காருவதாவது! ஊரார் வீட்டையெல்லாம் ஊர் விட்டு ஊர் மாற்றியவர், இப்போது தன் வீட்டை அறை விட்டு அறை மாற்ற ஆரம்பித்தார். திங்கட்கிழமை கட்டில் ஜன்னலோரம் இருக்கும். வியாழக்கிழமை கதவோரம் வந்துவிடும். தூக்கக் கூடாது என்றுதானே டாக்டர் சொன்னார், தள்ளக் கூடாது என்று சொல்லவில்லையே என்பார். வேலையிலிருந்து வந்து பழக்கதோஷத்தில் உட்காரப் போவாள், அங்கே நாற்காலி இருக்காது. முழங்காலில் பீரோ முனை இடிக்காத வாரம் கிடையாது. கூண்டிலே போட்ட புலி மாதிரி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அவர் நடப்பதைப் பார்த்தால் அவளுக்குக் கோபம் வரும். கோபத்தின் பின்னாலேயே பாவமும் வரும்.

பழைய படகும் டிரெய்லரும் வந்து சேர்ந்தது அப்போதுதான். எப்போதோ அவர் வீடு மாற்றிக் கொடுத்த ஒருவர், வெளிநாடு போகிறோம், இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது, நீங்களே கொண்டுபோங்கள் என்று தந்துவிட்டார். சின்ன பைபர் படகு. வால் பக்கம் ஒரு மோட்டார். பக்கத்திலிருந்த ஏரிக்கு இரண்டு தடவை போனார்கள். முதல் நாள் அவர் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்து அவளுக்கே கண் நிறைந்தது. இரண்டாம் நாள் மத்தியானத்துக்குள், மேலே மலையில் இதைவிடப் பெரிய ஏரி இருக்காமே என்று ஆரம்பித்துவிட்டார். பள்ளிக்கூடம் திங்கட்கிழமைதான் திறக்கும், மூன்றே நாள், சும்மா ஓட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றார். முதுகு காரணமாக அவரால் மலையில் ஓட்ட முடியாது. அதனால் ஸ்டீரிங் அவள் கையில்.

மலைப்பாதையில் பின்னால் ஒரு வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போனவர்களுக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டாம். போகாதவர்களுக்குச் சொல்கிறேன். முன்னால் இருப்பதை நாம் ஓட்டுகிறோம். பின்னால் இருப்பதோ நம்மை நம்பி வருகிறது. வளைவில் நாம் திரும்பி முடித்த பிறகும் அது திரும்பிக்கொண்டிருக்கும். கொண்டை ஊசி வளைவில் அகலமாக எடுக்காவிட்டால் உள்பக்கத்துச் சக்கரம் சாக்கடையில் இறங்கிவிடும். இதெல்லாம் வேன் அக்காவுக்குத் தெரியும். அன்றைக்கு நடந்தது இது எதுவும் இல்லை.

அடிவாரம் தாண்டி நாலைந்து வளைவு ஏறியதும் ஸ்டீரிங் பஞ்சு மாதிரி ஆயிற்று. திருப்பினால் திரும்புகிறது, ஆனால் ரோட்டைப் பிடித்துத் திரும்பவில்லை. ஒரு மேடு ஏறி இறக்கத்தில் இறங்கியபோது பின்னால் யாரோ ஜீப்பின் இடுப்பைப் பிடித்து மெல்ல ஆட்டுவது போல இருந்தது. இடப்பக்கம் ஒரு தள்ளு. வலப்பக்கம் ஒரு தள்ளு. பிறகு இன்னும் கொஞ்சம் பெரிய தள்ளு. கண்ணாடியில் பார்த்தாள். படகு நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கமும் பள்ளத்தின் ஓரமுமாக ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தது. ஓரத்தில் தடுப்புக் கல் கூட இல்லை. பிரேக்கை மிதித்தால் அது நம்மை முந்திவிடும் என்று அவள் கால் சொல்லியது. மிதிக்காமல், ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீரிங்கை நேராகப் பிடித்தபடி மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தாள். ஆட்டம் மெதுவாக அடங்கியது.

கணவரோ கையைத் திருப்பி வாட்சைப் பார்த்தார். அன்று அவர் வாட்சைப் பார்த்தது அது எத்தனையாவது தடவை என்று அவருக்கே தெரியாது.

"இவ்வளவு மெதுவாப் போனா நாலு மணிக்குள்ள போக முடியாதும்மா."

நாலு மணிக்குப் போய் என்ன ஆகப் போகிறது, ஏரி எங்கே ஓடிவிடப் போகிறது என்று அவள் கேட்டாள். அவர் ஜன்னல் கண்ணாடியை ஏற்றினார். பிறகு இறக்கினார். பிறகு பாதி ஏற்றினார்.

பின்னால் வந்த பால் லாரி ஹாரன் அடித்துக்கொண்டே அவர்களை ஒட்டினாற்போல் வந்தது. லாரிக்காரர் தலையை வெளியே நீட்டி, "அக்கா, முன்னாடி போறது நீங்களா, பின்னாடி வர்றதா? ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு முந்திப் போனார்.

அடுத்த வளைவில் ரோடு கொஞ்சம் அகன்று வண்டி ஒதுங்க இடம் விட்டிருந்தது. அவள் ஜீப்பை ஒதுக்கி நிறுத்தி, வண்டி உருளாமல் சக்கரத்துக்கு அண்டைக் கல் வைத்தாள். கீழே, வெகு கீழே, அவர்கள் இரண்டு தடவை போன ஏரி ஒரு தட்டு அளவுக்குத் தெரிந்தது. மேலே மேகம் கூடிக்கொண்டிருந்தது.

அவள் கொக்கியைப் பார்த்தாள். எப்போதும் டிரெய்லரை மாட்டினால் ஜீப்பின் பின்பக்கம் கொஞ்சம் அமுங்கும். இன்றைக்கு அமுங்கவில்லை. தூக்கிக்கொண்டு நின்றது. வேனில் இது அவளுக்குப் பழகிய சங்கதிதான். எட்டாம் வகுப்புத் தடியன்கள் அத்தனை பேரும் கடைசி சீட்டைப் பிடித்துக்கொண்டால் ஸ்டீரிங் இப்படித்தான் பஞ்சாகும். அவள் வண்டியை நிறுத்தி, காதைப் பிடித்து நாலு பேரை முன்னால் கொண்டுவந்து உட்கார வைப்பாள். வண்டி சரியாகிவிடும்.

"என்னங்க, வால் பக்கம் என்ன வெச்சிருக்கீங்க?"

மோட்டார்தான் என்றார். மோட்டார் எப்போதும் இருப்பதுதானே, வேறென்ன என்றாள். பெட்ரோல் கேன், நங்கூரம், லைப் ஜாக்கெட் என்று இழுத்தார். லைப் ஜாக்கெட்டுக்கு என்ன கனம் இருக்கிறது? அவள் தார்ப்பாயின் முடிச்சில் கை வைத்தாள். அவிழ்ப்பதற்கு நுனி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. நகத்தால் கெல்லிப் பார்த்தாள். ஒரு நகம் உடைந்ததுதான் மிச்சம்.

"அவிழுங்க."

"மேலே போய் அவிழ்த்துக்கலாமே. மழை வர்ற மாதிரி இருக்கு."

"இப்பவே அவிழுங்க."

அவர் அவிழ்த்தார். அவருடைய விரல்களுக்கு அது ஒரு நிமிஷ வேலை. அன்றைக்கு மட்டும் ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று.

தார்ப்பாயைத் தூக்கியதும் முதலில் கண்ணில் பட்டது அவளுடைய தையல் மெஷின். இரும்புக் கால், மிதிகட்டை, மேல்பலகை எல்லாம் அப்படியே. பலகை சாய்த்துத் தள்ளியே ஏற்றியிருக்க வேண்டும். நாலு பக்கமும் பழைய போர்வை சுற்றி, கீறல் படாமல், குழந்தையைக் கட்டுவது போலக் கட்டியிருந்தார். அதை ஒட்டிக் கேஸ் அடுப்பு. காபியை வழியில் குடித்துக்கொள்ளலாம் என்று காலையில் அவளை அடுக்களைப் பக்கமே விடாதது இதற்குத்தான். ஒரு தலையணைக்குள் சுவர்க் கடிகாரம். காது வைக்காமலே அதன் டிக் டிக் கேட்டது. அதற்கும் உள்ளே தள்ளிப் பாத்திர மூட்டை, கம்பளி, அவளுடைய செருப்புகூட இன்னொரு ஜோடி இருந்தது.

முந்தின நாள் மாலை அவள் பின்னறையில் எட்டிப் பார்த்திருந்தாள். மெஷின் மேல் எப்போதும் போர்த்தும் துணி, எப்போதும் போல மெஷின் வடிவத்தில்தான் இருந்தது.

"அந்தத் துணிக்குள்ள இப்ப என்ன இருக்கு?"

"மடக்கு மேஜை" என்றார் அவர். பிறகு, கேட்காமலே, "மேலே ஒரு பக்கெட்டைக் கவுத்து வெச்சேன். சக்கரம் மாதிரி தெரியணும்ல" என்றார்.

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள்.

விஷயம் பிறகு துண்டு துண்டாக வெளியே வந்தது. மேலே ஏரியில் படகுத்துறை இருக்கிறது. படகுகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் டிக்கெட் கொடுக்க ஓர் ஆளும் வேண்டும். புருஷன் பெண்டாட்டியாக வந்தால் துறைக்குப் பின்னாலேயே இரண்டு அறை கொடுப்பார்கள். சொந்தப் படகு இருந்தால் அதையும் ஓட்டிக்கொள்ளலாம். நாலு மணிக்குள் வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார் மேலாளர். வராவிட்டால் நாளைக்கு வேறு ஜோடி வருகிறதாம்.

வீட்டுக்காரம்மாவிடம் காலி செய்வதாகச் சொல்லியாகிவிட்டதா என்று அவள் கேட்டாள். குரல் உயரவில்லை. இன்னும் இல்லை, போய்ச் சேர்ந்ததும் போன் போட்டுச் சொல்லலாம் என்று இருந்தாராம். வேனை யார் ஓட்டுவார்கள் என்று கேட்டாள். அதை அவர் யோசிக்கவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்ன?"

"கேட்டா நீ வேண்டாம்னு சொல்லுவ."

"வேண்டாம்னு சொல்லுவேன்னு தெரியுது. தெரிஞ்சும் மூட்டை கட்டியிருக்கீங்க."

அவர் கயிற்றைச் சுருட்டினார். சுருட்டியதைப் பிரித்து மறுபடி சுருட்டினார். இத்தனை வருஷத் தொழிலில் அவர் பார்த்துவைத்திருந்த ஒன்று இருந்தது. வீடு மாற்றுகிற நாளில் அழாத வீட்டுக்காரி கிடையாது. வாசலைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், வரமாட்டேன் என்பாள். அடுப்பும் கட்டிலும் லாரியில் ஏறிய பிறகு, தானாக வந்து முன்சீட்டில் உட்கார்ந்துவிடுவாள்.

"சாமான் போயிடுச்சுன்னா மனுஷங்க பின்னாடியே வந்துடுவாங்க. நான் பார்த்திருக்கேன்" என்றார்.

"அப்ப நான் பின்னாடி கட்டி இழுக்கற வண்டியா?"

அவர் சுருட்டிய கயிற்றைத் தோளில் மாட்டினார்.

அவள் சாவியை எடுத்துக்கொண்டு வளைவு வரை நடந்தாள். திரும்பி வந்தாள். மறுபடி நடந்தாள். சாவிக்கொத்தில் ஜீப் சாவி, வேன் சாவி, வீட்டுச் சாவி மூன்றும் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன. திங்கட்கிழமை காலை முதல் நிறுத்தத்தில் ஏறுகிற குட்டிப்பெண் ஞாபகம் வந்தது. லீவு முடிந்து வரும்போதெல்லாம் அழும். பெல்ட்டை இவள்தான் போட்டுவிட வேண்டும், வேறு யார் கை பட்டாலும் கத்தும். அந்த வீடு, அந்த வேன், அந்த மெஷின், இந்த மூன்றும்தான் அவள் கையால் அவள் உண்டாக்கிக்கொண்டது. இறங்கிப் போய்விடலாம். அவர் வரட்டும், வராமல் போகட்டும்.

திரும்பிப் பார்த்தாள். அவர் ரோட்டோரம் நின்று அண்டைக் கல்லைக் காலால் சரிசெய்துகொண்டிருந்தார். சரியாக இருந்த கல்தான். ஆனாலும் அந்தக் கால் சும்மா நிற்காது. வீட்டில் அந்தக் கால் நடந்து நடந்து தரையில் ஒரு தடமே விழுந்திருந்தது. இவரைத் திரும்ப அந்த வீட்டுக்குள் கொண்டுபோய்ப் பூட்டினால், ஒரு வருஷத்தில் ஒன்று சுவர் இடியும், இல்லை மனுஷர் இடிந்துபோவார். அதுவும் அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டு கோபமாக இருப்பது எவ்வளவு கஷ்டம், சொல்லுங்கள்.

அவள் வந்து தார்ப்பாயை முழுசாக உருவிப் போட்டாள்.

"மேலே போனாலும் சரி, கீழே போனாலும் சரி, இப்படியே போனா ரெண்டு பேரும் பள்ளத்துல. கனத்தையெல்லாம் மூக்குப் பக்கம் கொண்டு வாங்க."

அவர் தயங்கினார். முதலில் வேண்டியது கடைசியில் ஏறணும், கடைசியில் ஏறினது கதவோரம் இருக்கணும், அப்போதுதான் போய் இறங்கியதும் கைக்கு வரும் என்பது அவர் தொழிலின் வேதம். லாரியில் அது சரி. டிரெய்லரில் அந்த வேதம் ஆளைக் கொன்றிருக்கும். போன இடத்தில் அவளுக்கு முதலில் மெஷின்தானே வேண்டும் என்று நினைத்து அதைக் கடைசியில் ஏற்றியதாக அவர் முணுமுணுத்தார். அது அவள் காதில் விழுந்தது. விழுந்ததாக அவள் காட்டிக்கொள்ளவில்லை.

இரண்டு பேருமாக மெஷினை நகர்த்தினார்கள். அவருக்கு முதுகு பிடிக்கும் என்று கனமான பக்கத்தை அவள் எடுத்துக்கொண்டாள். மெஷின் மூக்குப் பக்கம் போய்ச் சேர்ந்தது, அதன்மேல் அடுப்பு, பாத்திரம். வால் பக்கம் மோட்டாரைத் தவிர கம்பளியும் லைப் ஜாக்கெட்டும் மட்டும். ஜீப்பின் பின்பக்கம் அமுங்கியது. தூறல் விழ ஆரம்பித்தது.

அவள் ஸ்டீரிங்கில் உட்கார்ந்தாள். சாவியைத் திருகவில்லை.

"இப்பக் கேளுங்க."

"போலாமா?"

"அது வண்டி கிளப்பச் சொல்றது. கேக்கறது இல்ல."

அவர் கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார். இரண்டு கார்கள் தாண்டிப் போயின. அவருக்கு இது நிஜமாகவே கஷ்டமான வேலை. பியானோவை நாலு மாடி இறக்கியவர், இந்த ஒரு வாக்கியத்தைத் தொண்டையிலிருந்து இறக்க முடியாமல் திணறினார்.

"எனக்கு அங்க இருக்கணும்மா. வீட்டுல மூச்சு முட்டுது. நீ... நீ என்ன நினைக்கற?"

கல்யாணமான நாள் முதல் அவர் இதைக் கேட்டதில்லை. அவள் கையை நீட்டி வைப்பரைப் போட்டாள்.

"பாத்துட்டுச் சொல்றேன். என் மெஷின் மட்டும் நான் சொல்றவரைக்கும் இறங்கக் கூடாது."

ஏறிப் போனார்கள். இப்போது ஸ்டீரிங் கையில் நின்றது. இறக்கத்தில் படகு சாதுவாகப் பின்னால் வந்தது. அவருடைய கைதான் வாட்சுக்கும் மடிக்குமாக அலைந்துகொண்டிருந்தது. ஒரு கொண்டை ஊசியில் எதிரே பஸ் வந்து, டிரெய்லரோடு இவள் பின்வாங்க முடியாமல் நிற்க, பஸ்காரர் முணுமுணுத்துக்கொண்டே பின்னுக்கு எடுத்து வழி விட்டார். அவள் ஒரு தடவைகூட மணி என்ன என்று கேட்கவில்லை.

ஏரி திடீரென்று மரங்களுக்கு நடுவே வந்தது. சாம்பல் நிறத் தண்ணீர், அதில் தூறல். படகுத்துறை மேலாளர் குடையோடு நின்றிருந்தார். கோபக்காரர் போலத் தெரிந்தாலும், வந்துவிட்டீர்களா என்றுதான் முதலில் கேட்டார். படகைத் தண்ணீரில் விடுவதற்கு முன் உள்ளே இருக்கும் சாமானையெல்லாம் இறக்க வேண்டும், அறை அங்கே திறந்திருக்கிறது என்று கையைக் காட்டினார்.

இறக்கினார்கள். கம்பளி அறைக்குப் போயிற்று. பாத்திரம் போயிற்று, அடுப்பு போயிற்று. கடிகாரத்தை அவளே எடுத்துப் போய் அந்தச் சுவரில் இருந்த ஓர் ஆணியில் மாட்டினாள். ஜன்னல் வழியே பார்த்தால் தண்ணீர்தான். ஜன்னலுக்குக் கீழே ஈரத்தில் கால் தடம் பதிகிற நீளமான கரை, கண்ணுக்கு எட்டுகிற தூரம். இந்த மனுஷர் நடக்கட்டும், எவ்வளவு வேண்டுமானாலும் நடக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

வெளியே வந்தபோது படகில் மெஷின் மட்டும் மிச்சம். அவர் அதன் பக்கத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அசையாமல் நின்றிருந்தார். அப்படி அவர் நின்று அவள் பார்த்து வெகு நாளாகிவிட்டது.

"மெஷின் ஜீப்புக்கு" என்றாள்.

அவர் முகம் ஒரு தடவை தண்ணீர்ப் பக்கம் திரும்பி வந்தது. ஏன் என்று கேட்கவில்லை. அவள் மேலாளரிடம் போய் நேராகவே பேசினாள். இங்கே கூட்டம் எப்போது என்று கேட்டாள். சனி ஞாயிறுதான், மற்ற நாளில் ஈ ஓட்ட வேண்டியதுதான் என்றார் அவர். அப்படியானால் சனி ஞாயிறு டிக்கெட் கொடுக்க நான் வருகிறேன், வெள்ளி மாலை வேன் நடை முடிந்ததும் கிளம்பிவிடுவேன், மற்ற நாள் இவர் ஒருத்தரே பார்த்துக்கொள்வார், தள்ளுகிற வேலை கொடுங்கள், தூக்குகிற வேலை கொடுக்காதீர்கள் என்றாள். மேலாளர் குடையைத் தோள் மாற்றினார். ஜோடியாகத்தானே கேட்டிருந்தோம் என்றார். ஜோடிதான், கொஞ்சம் நீளமாகக் கட்டியிருக்கிறோம் என்றாள் அவள். மனுஷர் சிரித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் தனியாக மலை இறங்கினாள். டிரெய்லர் மேலேயே நின்றுவிட்டது. பின்னால் ஒன்றும் இல்லாததால் ஜீப் துள்ளியது. ஒவ்வொரு வளைவிலும் பழக்கத்தில் அகலமாக எடுத்தாள். கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து வந்தாள். அதில் காலியான ரோடு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

வாசலில் நிறுத்தி, பக்கத்து வீட்டுப் பெண்ணை ஒரு கை பிடிக்கக் கூப்பிட்டாள். மேலேயிருந்து கிளம்பும்போது மெஷினை ஜீப்பில் வைத்துக் கட்டியது அவர்தான். வெகு நேரம் குனிந்து நின்று கட்டினார். இதை எப்படி அவிழ்க்கப் போகிறோம் என்று மலை இறங்கும்போதே அவளுக்குக் கவலை. உள்ளே போய்த் துணி வெட்டும் கத்திரிக்கோலை எடுத்து வந்தாள். கயிற்றை வெட்ட மனசில்லை. முதலில் முடிச்சைத் தடவிப் பார்த்தாள்.

ஒரு நுனி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவள் கைக்கு எட்டுகிற உயரத்தில், எட்டுகிற பக்கத்தில். பிடித்து இழுத்தாள். மொத்தக் கயிறும் சரசரவென்று அவிழ்ந்து காலடியில் விழுந்தது.

"அட, உங்க வீட்டுக்காரர் கட்டினதா இது?" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண்.

ஆமாம் என்றாள் வேன் அக்கா. கயிற்றைச் சுருட்டி, முன்சீட்டுக்கு அடியில் வைத்தாள். வெள்ளிக்கிழமை கொண்டுபோக வேண்டும். பிறகு மெஷினின் கனமான பக்கத்தைத் தான் பிடித்துக்கொண்டு, மெதுவா, வாசல்படி இருக்கு, பார்த்து என்றாள்.